பேச்சை வெட்டிவிட்டார் என் நண்பர்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் ஒரு வாசகர், "நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?" என்று கேட்டிருந்தார். "அமெரிக்க நாட்டுப்பாடகர் வுடி கத்ரி நினைவாக நடந்த கச்சேரியின் பதிவு. ஆனால் அதைப் பதினோரு வருஷம் தப்பாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று இரண்டு வரி எழுதித் தப்பித்துக்கொண்டேன். நீங்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். எனவே இந்த முறை முழுக்க அதுவே. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: ஒரு இசைத்தட்டை எப்படித் தப்பாகக் கேட்க முடியும்? வேகத்தை மாற்றி வைத்துவிட்டீர்களா? (ஒரு கல்லூரி மாணவர்)

ப: வேகமெல்லாம் சரிதான். நண்பர் ஒருவர் தன்னிடம் இருந்த இரண்டு தட்டுகளையும் எனக்காகக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். அறுபது நிமிடக் கேசட், இடம் போதவில்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவில் யாரோ மாறி மாறி எதையோ வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். "பாட்டுதானே முக்கியம், பேச்சு எதுக்கு?" என்று அதையெல்லாம் எடுத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், பாவம்.

சில பாட்டுகள் தொடங்கும்போது மட்டும் ஒரு ஆண் குரலின் வால் அரை நொடி கேட்கும். அறிவிப்பாளர் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் முழுப் பதிவும் கைக்கு வந்தது. வால் வால் என்று நான் நினைத்திருந்ததற்கு உடம்பும் தலையும் இருந்தன! அந்த வாசிப்பு அத்தனையும் வுடியே எழுதிய வரிகள். பிறந்த ஊர், தூசிப் புயல், வழியில் பார்த்த மனிதர்கள் என்று அவர் கட்டுரைகளிலிருந்தும் சுயசரிதையிலிருந்தும் எடுத்துக் கோத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு முடித்ததும் வருகிற பாட்டு, முன்பு நான் கேட்ட பாட்டே இல்லை.

கே: வுடி கத்ரி யார்? பாப் டிலனின் குரு என்று மட்டும் தெரியும். (ஓய்வுபெற்ற ஆசிரியை)

ப: அம்மா, அவரை அறிந்துகொள்ள அது ஒன்றே போதும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

1912 ஜூலை 14, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒக்கீமா என்ற சின்ன ஊரில் பிறந்தார். அந்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் நின்ற வுட்ரோ வில்சனின் பெயரையே அப்பா மகனுக்கு வைத்தார். அக்கா தீக்காயத்தில் இறந்தாள். அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பையன் டெக்சாஸில் இருக்கும் பாம்பா ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். 1935 ஏப்ரல் 14 அன்று அந்த வட்டாரத்தையே மூடிய கறுப்புத் தூசிப் புயலை அங்கிருந்துதான் பார்த்தான். உலகம் முடிந்தது என்று ஜனங்கள் ஒருவருக்கொருவர் விடைசொல்லிக்கொண்டார்களாம். அதையே வைத்து ஒரு பாட்டு கட்டினார், 'போய் வருகிறேன், உங்களைத் தெரிந்துகொண்டதில் சந்தோஷம்' என்கிற மாதிரி. துக்கச் செய்திக்குக் குதூகல மெட்டு. அவர் சுபாவமே அப்படி.

நிலமெல்லாம் தூசியாய்ப் போய் கலிபோர்னியாவுக்கு ஓடியவர்களோடு அவரும் போனார். லாஸ் ஏஞ்சலஸ் வானொலியில் பாடினார். 1940-இல் நியூயார்க் வந்தார். கிட்டாரில் 'இந்த இயந்திரம் பாசிஸ்டுகளைக் கொல்லும்' என்று எழுதி ஒட்டிக்கொண்டார். 1941-இல் கொலம்பியா ஆற்று அணைகளுக்காக அரசாங்க மின்சார நிறுவனம் ஒன்று அவரை ஒரு மாதத்துக்கு வேலைக்கு வைத்தது. சம்பளம் 266 டாலர் 66 சென்ட். அவர் எழுதியது 26 பாட்டு. ஒரு பாட்டுக்குப் பத்து டாலர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் இரண்டு மூன்று இன்னும் சாகவில்லை.

கே: கச்சேரி எங்கே, எப்போது நடந்தது? யார் யார் பாடினார்கள்? சுருக்கமாகச் சொல்லவும்.

ப: ஒன்றல்ல, இரண்டு கச்சேரிகள். முதலாவது நியூயார்க் கார்னெகி ஹாலில், 1968 ஜனவரி 20. வுடி இறந்தது 1967 அக்டோபர் 3. ஆக, இடையில் மூன்றரை மாதம்தான். அன்று பிற்பகல் ஒரு காட்சி, இரவு ஒரு காட்சி. இரண்டாவது 1970 செப்டம்பர் 12, லாஸ் ஏஞ்சலஸில் ஹாலிவுட் பௌல் என்னும் திறந்தவெளி அரங்கில்.

முதலாவதில் பீட் சீகர், ஜூடி காலின்ஸ், ஒடெட்டா, ரிச்சி ஹேவன்ஸ், டாம் பாக்ஸ்டன், ஜாக் எலியட், வுடியின் மகன் ஆர்லோ, அப்புறம் பாப் டிலன். இரண்டாவதில் ஜோன் பயஸும் கன்ட்ரி ஜோ மெக்டொனால்டும் சேர்ந்தார்கள், டிலன் இல்லை. வாசித்தவர்கள் கார்னெகியில் நடிகர்கள் ராபர்ட் ரையனும் வில் கியரும். ஹாலிவுட்டில் கியரும் பீட்டர் ஃபோண்டாவும். ஏற்பாடு செய்தவர் ஹாரல்ட் லெவன்தால், வுடியின் மேலாளர். (இவர் இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தோடு இந்தியாவுக்கு வந்து, காந்தியைத் தேடிப் போய்ப் பார்த்தவர். இந்தப் பத்திக்குச் சம்பந்தமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கே: டிலனுக்காக மட்டும் வாங்கலாமா? (மூன்று பேர் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.)

ப: வாங்கலாம். திட்டமாட்டேன்.

அந்தச் சூழ்நிலையை நினைத்துப் பாருங்கள். 1966 ஜூலையில் மோட்டார் சைக்கிள் விபத்து. அதன்பிறகு ஒன்றரை வருஷம் மேடையே ஏறவில்லை. ஆள் இருக்கிறாரா என்றுகூட வதந்தி. அப்படிப்பட்டவர் முதன்முதலில் வெளியே வந்தது இந்த மேடைக்குத்தான். தனியாகக் கிட்டாரோடு வருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முன்னால் ஒரு ராக் குழுவோடு வந்து நின்றார். பிற்பாடு 'தி பேண்ட்' என்று பேர் வாங்கிய ஐந்து பேர்தான் அவர்கள். அவர்களுடைய முதல் தட்டு வெளிவர இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது.

பாடியது மூன்று பாட்டு. 'கிராண்ட் கூலி டேம்', ரூஸ்வெல்ட் இறந்தபோது அவர் மனைவிக்கு எழுதிய 'டியர் மிஸஸ் ரூஸ்வெல்ட்', 'ஐ எய்ன்ட் காட் நோ ஹோம்'. அணையைப் பற்றிய பாட்டு எப்படி இருக்கும்? பொதுப்பணித்துறை அறிக்கை மாதிரி இருக்கும் என்று நினைப்பீர்கள். இவர்கள் அதை நடனக் கொட்டகைப் பாட்டாக்கிவிட்டார்கள். டிரம்ஸ் உதைக்கிறது, டிலன் தொண்டையைத் திறந்து கத்துகிறார், பின்னால் மற்றவர்கள் சேர்ந்து கத்துகிறார்கள். இரங்கல் கூட்டத்தில் இப்படி ஒரு கும்மாளமா என்று கேட்டால், செத்தவர் கேட்டிருந்தால் மேடைக்கு ஓடிவந்திருப்பார் என்பதே என் பதில்.

டிலனின் இந்த மூன்றும் முதல் பாகத்தில் இருக்கின்றன. அதை வாங்கி, ஊசியை நேரே அங்கே வைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து கேளுங்கள்.

கே: 'முதல் பாகம்' என்கிறீர்கள். அது ஒரு கம்பெனி, இரண்டாம் பாகம் வேறு கம்பெனி. என்ன குழப்பம் இது? எதை வாங்குவது?

ப: 1972-இல் முதல் பாகத்தைக் கொலம்பியாவும் இரண்டாம் பாகத்தை வார்னர் பிரதர்ஸும் வெளியிட்டன. டிலன் கொலம்பியா ஆள். ஆர்லோ பாடியது வார்னரின் துணை நிறுவனமான ரிப்ரைஸில். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் வார்னர் இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போட்டது.

இதில் ஒரு கோளாறு உண்டு. தட்டில் இரண்டு கச்சேரிகளையும் கலந்து கட்டியிருக்கிறார்கள். ஒரு பாட்டு நியூயார்க்கில் மூடிய அரங்கில் நடக்கும், அடுத்தது இரண்டரை வருஷம் கழித்துக் கலிபோர்னியாவின் திறந்தவெளியில் நடக்கும். கைதட்டலின் ஓசையே மாறும். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் தெரியும். கார்னெகியில் கைதட்டல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். மற்றதில் அப்படியே கரைந்து போகும். 2017-இல் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் மூன்று சிடியும் புத்தகங்களுமாக ஒரு பெட்டி போட்டது. கையில் காசு இருப்பவர்களுக்கு அதுதான் சரி. கடன் வாங்கி வாங்க வேண்டாம்.

கே: பாட்டின் நடுவே இவ்வளவு பேச்சு சலிப்பாக இல்லையா? உங்கள் நண்பர் செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. (ஒரு வாசகி)

ப: நண்பரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். மனிதர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

உங்களோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறேன். பீட்டர் ஃபோண்டாவின் வாசிப்பு எனக்கும் கொஞ்சம் பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் படுகிறது. ஆனால் வில் கியரைத் தள்ள முடியாது. அவர் வுடியின் பழைய சிநேகிதர். தூசிப் புயலுக்குத் தப்பி வந்த பண்ணைத் தொழிலாளிகளின் கூடாரங்களில் இரண்டு பேரும் சேர்ந்து நிகழ்ச்சி நடத்தியவர்கள். ஆகவே அவர் வாசிப்பில் நடிப்பு இல்லை. தெரிந்தவன் ஒருவனைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற குரல்.

இந்த வாசிப்புகளைத் தொகுத்தவர் மில்லார்ட் லாம்பெல். இவரும் வுடியோடு 'அல்மனாக் சிங்கர்ஸ்' குழுவில் பாடியவர். 1950-களில் கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி வேலை கொடுக்காமல் விரட்டப்பட்டவர்களில் லாம்பெலும் உண்டு, கியரும் உண்டு, சீகரும் உண்டு. மேடையில் நிற்கிறவர்களில் சிலர் அந்த வலையிலிருந்து வெளியே வந்தவர்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், செத்தவரின் வாக்கியங்களை எடுத்துப் படிக்கிறார்கள்.

ஒரு உதாரணம். ஜாக் எலியட் பாடும் '1913 மாசகர்', அதாவது 1913 படுகொலை. மிச்சிகன் மாநிலத்தில் கலுமெட் என்ற ஊர். தாமிரச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். 1913 டிசம்பர் 24, பிள்ளைகளுக்காக மாடியறையில் கிறிஸ்துமஸ் விருந்து. யாரோ "தீ!" என்று கூவுகிறார்கள். தீ எதுவும் இல்லை. படிக்கட்டில் நெரிசலில் 73 பேர் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். கூவியது யார் என்று இன்றுவரை முடிவாகவில்லை. வுடியின் பாட்டு முதலாளி தரப்பு அடியாட்களைத்தான் சுட்டுகிறது. அந்தப் பாட்டு தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். "வா, என்னோடு 1913-க்கு வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போகிறது. கதவைத் திறக்கிறது, படியேற்றுகிறது, மரத்தைக் காட்டுகிறது, பிள்ளைகள் ஆடுவதைக் காட்டுகிறது. எலியட் அதைச் சத்தமே போடாமல் பாடுகிறார். பாட்டுக்கு முன்னால் பேச்சு இருந்தால், கதை சொல்லும் குரலிலிருந்து பாட்டுக்கு நீங்கள் தடுக்கி விழாமல் போகலாம். கேசட்டில் அது முன்னறிவிப்பு இல்லாமல் 'தொபுக்'கென்று வரும். பதினோரு வருஷம் அந்தப் பாட்டை நான் தாண்டிப் போயிருக்கிறேன், தெரியுமா? இப்போது அதற்காகவே தட்டை எடுக்கிறேன்.

கே: எலியட் வுடி மாதிரியே பாடுகிறார். அது நகல்தானே? நினைவுக் கச்சேரியில் சொந்தக் குரலில் பாடுவது மரியாதையா, அவர் குரலில் பாடுவது மரியாதையா?

ப: எலியட் இளவயதில் வுடியோடு கூடவே சுற்றியவர். "என்னைவிட இவன்தான் என்னைப் போல இருக்கிறான்" என்று வுடியே சொன்னதாகச் சொல்வார்கள். ஒருவர் அப்படி இருக்கலாம். எல்லோரும் அப்படி இருந்தால் சகிக்காது.

எனக்கு இந்தத் தட்டில் மனதில் நிற்பது ஒடெட்டா. 'ராம்ப்ளிங் ரவுண்ட்' பாட்டை அவர் எடுக்கிறார். வேலை தேடி ஊர் ஊராக அலையும் ஒருவனின் பாட்டு. வுடி பாடினால் தோளைக் குலுக்கிக்கொண்டு போகிறவன் தெரிவான். ஒடெட்டா பாடும்போது அவன் எத்தனை தூரம் நடந்தான் என்பது தெரிகிறது. குரல் அவ்வளவு கனம். ரிச்சி ஹேவன்ஸ் 'விஜிலாண்டே மேன்' பாட்டைத் தன் கிட்டார் அடியில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்; கொஞ்சம் நீளம் என்றும் சொல்லலாம். நீளம்தான்.

கே: 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' தேசபக்திப் பாட்டுதானே? பள்ளிகளில் பாடுகிறார்களே. கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுவது கூட்டத்தைக் குஷிப்படுத்தத்தானே?

ப: 1940 பிப்ரவரி 23, நியூயார்க்கில் ஒரு மலிவான ஓட்டலில் எழுதப்பட்டது அது. அந்தச் சமயத்தில் வானொலியைத் திறந்தால் கேட் ஸ்மித் பாடிய 'காட் பிளெஸ் அமெரிக்கா'தான் ஓடிக்கொண்டிருந்தது. வுடிக்கு எரிச்சல். பட்டினியோடு நாடு முழுக்க அலைந்துவிட்டு வந்தவனுக்குக் கடவுள் ஆசீர்வதித்த நாடு என்று கேட்டால் எப்படி இருக்கும்? பதிலாக எழுதியதுதான் இந்தப் பாட்டு. முதல் வடிவத்தில் பல்லவி முடிவே 'கடவுள் அமெரிக்காவை எனக்காக ஆசீர்வதித்தார்' என்ற பொருளில் இருந்தது. பிற்பாடுதான் மாற்றினார்.

பள்ளிப் புத்தகங்களில் விட்டுப் போன சரணங்கள் உண்டு. ஒன்றில் 'தனியார் சொத்து' என்று எழுதிய பலகை வழிமறிக்கிறது. அதன் மறுபக்கம் எதுவும் எழுதவில்லை, அந்தப் பக்கம் நமக்குத்தான் என்கிறார். இன்னொன்றில் நிவாரண அலுவலக வாசலில் பசியோடு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து, இந்த நாடு எனக்காகவா என்று சந்தேகப்படுகிறார். அப்பா அந்தச் சரணங்களைத் தனக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஆர்லோ பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கூட்டத்தைக் குஷிப்படுத்தத்தானே என்றால், ஆமாம், அதுவும்தான். குஷியாகப் பாடிக்கொண்டே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிடுவது வுடியின் வேலை.

கே: அவர் மெட்டுகள் எல்லாம் திருட்டு என்று என் தம்பி வாதாடுகிறான்.

ப: தம்பி சொல்வதில் பாதி உண்மை. 'ரோல் ஆன் கொலம்பியா' மெட்டு லெட் பெல்லியின் 'குட்நைட் ஐரீன்' வழி வந்தது. 'திஸ் லேண்ட்' மெட்டுக்குக் கார்ட்டர் குடும்பத்தார் பாட்டு மூலம். நாட்டுப்பாட்டில் மெட்டு ஊர்க்கிணறு. வாளி யாருடையது என்றுதான் பார்ப்பார்கள். டிலன் வுடிக்காக எழுதிய முதல் பாட்டுக்கும் மேலே சொன்ன '1913 மாசகர்' மெட்டையே எடுத்துக்கொண்டார். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள், இன்னும் வாதாடட்டும்.

கே: தன்னைப் பற்றிய இப்படி ஒரு கச்சேரியை வுடி உயிரோடு பார்க்கவே இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ப: பார்த்தார். அது பலருக்குத் தெரியாது.

1956 மார்ச் 17, நியூயார்க்கில் பித்தியன் ஹாலில் ஒரு நிகழ்ச்சி. வுடியின் பிள்ளைகளுக்குப் பணம் சேர்க்க நடந்தது. லாம்பெல் அப்போதே வுடியின் எழுத்தையும் பாட்டையும் கோத்து ஒரு தொகுப்பு எழுதியிருந்தார். பன்னிரண்டு வருஷம் கழித்துக் கார்னெகியில் நடந்ததற்கு விதை அதுதான். வுடி பால்கனியில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் நோய் முற்றத் தொடங்கியிருந்தது. கடைசியில் எல்லோரும் 'திஸ் லேண்ட்' பாடியபோது கூட்டம் எழுந்து அவர் பக்கம் திரும்பிப் பாடியது. அவர் முஷ்டியை உயர்த்தினார்.

நோயின் பெயர் ஹண்டிங்டன். 1952-இல்தான் கண்டுபிடித்தார்கள், அதற்கு முன்னால் குடிதான் காரணம் என்றும் சொன்னார்கள். மூளை நரம்பு மெல்ல மெல்ல அழியும். கை கால் கட்டுப்பாடு போகும், பேச்சு போகும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்குப் பைத்தியம் என்றார்களே, அவருக்கும் இதுதான். முதல் மனைவியின் இரண்டு மகள்களுக்கும் வந்தது. 1961-இல் பத்தொன்பது வயது டிலன் வந்து பார்த்தபோது வுடி நியூஜெர்சியில் கிரேஸ்டோன் மருத்துவமனையில் இருந்தார்.

வுடி இறந்த வருஷமே ஆர்லோவின் அம்மா மார்ஜரி, மார்த்தா கிரஹாம் குழுவில் நடனமாடியவர், இந்த நோய்க்கு எதிராக ஒரு குழு தொடங்கினார். கச்சேரிகள் நடந்தது அதற்கு நிதி திரட்டத்தான். நோய்க்குக் காரணமான மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. கார்னெகி மேடையில் ஆர்லோவுக்கு இருபது வயது. தனக்கு வருமா வராதா என்று தெரியாமல் நின்று அப்பாவின் பாட்டைப் பாடினார். அவருக்கு வரவில்லை.

கே: பிற்காலத்தில் இதைவிட நல்ல வுடி கச்சேரி வந்ததில்லையா?

ப: 1996-இல் கிளீவ்லண்டில் ஒன்று நடந்தது; ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், பில்லி பிராக், ஆனி டிஃபிராங்கோ எல்லாம் பாடினார்கள். 2000-இல் தட்டாக வந்தது. பிழை ஒன்றும் இல்லை, பதிவும் சுத்தம். ஆனால் அவர்களில் பலருக்கு வுடி ஒரு பெரிய பெயர். 1968-இல் மேடையில் இருந்தவர்களில் சிலருக்கு அவர் கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத சிநேகிதர்.

கே: பிறந்த ஊரில் சிலை வைத்தார்களா?

ப: அவருடைய இடதுசாரி அரசியலால் ஒக்கீமா வெகுகாலம் முகம் சுளித்துக்கொண்டிருந்தது. இப்போது சிலை இருக்கிறது. எனக்குப் பிடித்தது தண்ணீர்த் தொட்டிகள். மூன்று உயரமான தொட்டிகள்; ஒன்றில் 'சூடு', அடுத்ததில் 'குளிர்', மூன்றாவதில் 'வுடி கத்ரியின் ஊர்' என்று எழுதியிருக்கிறது.

கே: அந்த நண்பரின் கேசட் இன்னும் இருக்கிறதா?

ப: இருக்கிறது. தட்டு வாங்கிய பிறகு, வெட்டிய பேச்சை மட்டும் தனியாக இன்னொரு கேசட்டில் பதிந்து அவருக்குக் கொடுத்தேன். ஒரு பாட்டுகூட இல்லாமல். இன்னும் கேட்கவில்லை என்கிறார்.